நான்காவது ஜோடித் தாவல்

லீவன் ஊரை விட்டுப் போனது ஒரு சாம்பல் புதன்கிழமை. தேவாலயத்தில் காலைப் பூசை முடிந்து நேராக ரயில் நிலையத்துக்கு வந்திருந்த இரண்டு பெண்கள், நெற்றியில் சாம்பலோடு, ஆன்ட்வெர்ப் வண்டி இன்றைக்கும் தாமதம் என்று சலித்துக்கொண்டிருந்தார்கள். லீவனின் தோளில் ஸ்கேட்டிங் பை. பெரிய பெட்டியை என் அண்ணன் வன்னஸ் கொண்டுவந்தான். சக்கரம் வைத்த பெட்டிதான், உருட்டினால் போதும். அவன் வீட்டிலிருந்து நிலையம் வரை அதைத் தூக்கிக்கொண்டே வந்தான்.

லீவன் ஒரு சொகுசுக் கப்பலுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். அந்தக் கப்பலுக்குள்ளேயே ஒரு சின்னப் பனித்தளம் இருந்தது. இரவு உணவுக்கு முன்னால் பயணிகளுக்கு ஆடிக்காட்ட வேண்டும்.

"கடல் ஆடுறப்போ எப்படித் தாவுவே?" என்று கேட்டேன். எனக்கு அப்போது பதினைந்து வயது, எல்லாவற்றையும் கேட்பேன்.

"கப்பல் கீழே இறங்கறப்போ தாவினா உலக சாதனை. மேலே ஏறறப்போ தாவினா பல்லு போகும். நேரம் பார்த்துத் தாவணும், அவ்வளவுதான்."

வண்டி வந்ததும் வன்னஸ் பெட்டியை உள்ளே வைத்துவிட்டு இறங்கினான். லீவன் கதவருகே நின்று, "டேய், தலையை நிமித்தி ஆடு. தரையையே பார்த்து ஆடினா, இவன் எதையோ தொலைச்சுட்டுத் தேடறான்னு நடுவருங்க நினைப்பாங்க" என்றான். வன்னஸ் தலையாட்டினான். வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவன் அழுததைப் பார்த்தேன். நண்பன் போய்விட்டான் என்று அழுகிறான், வேறென்ன என்று நினைத்துக்கொண்டேன். பிறகு நானும் ஊரை விட்டுக் கிளம்பி, நாடு நாடாகச் சுற்றி, கையில் காசும் காலில் தெம்பும் தீர்ந்தபின் திரும்பி வந்தேன். அந்த அழுகை எதற்கு என்று அதன் பிறகுதான் தெரிந்தது.

எங்கள் அம்மா ஊர்ப் பனித்தளத்தில், காலணி வாடகைக்குக் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் வேலை பார்த்தாள். பள்ளி விட்டதும் நாங்கள் அங்கேதான் போவோம். ஈரமான தோலும் பழைய காலுறையும் கலந்த அந்த வாசனை எங்கள் குளிர்காலக் கோட்டுகளில் நிரந்தரமாக இருந்தது. வன்னஸ் ஆறு வயதில் பனியில் இறங்கினான். ஊர்ப் பையன்கள் எல்லாம் பனி ஹாக்கிக்குப் போனார்கள். இசைக்கு ஆடும் ஸ்கேட்டிங்குக்கு வந்த ஆண்பிள்ளைகள் இரண்டே பேர்: வன்னஸும், அவனைவிட ஆறு வயது மூத்த லீவனும்.

மாலையில் இவர்கள் நேரம் முடிந்து ஹாக்கிக்காரர்கள் உள்ளே வருவார்கள். "இளவரசிங்க ஆடி முடிச்சாச்சா? வழி விடுங்க" என்பார்கள்.

"இளவரசியோட பல்லு முப்பத்திரண்டும் வாயிலேயே இருக்கு. உன்னோடது எங்கே?" என்பான் லீவன். வன்னஸ் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று சிரிப்பான். பல வருஷம் அந்த முதுகுதான் அவனுக்குப் பாதுகாப்பு.

இருவருக்கும் ஒரே பயிற்சியாளர், ஹில்டே. உயரமான பெண்மணி. எந்தக் காலத்திலும் ஒரே பச்சைக் கோட்டு. பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். தப்பு செய்தால் திட்ட மாட்டார். இன்னொரு தடவை செய்யச் சொல்லிவிட்டு, அது நடக்கும்போது வேறு பக்கம் பார்ப்பார். அதுதான் பெரிய தண்டனை.

லீவன் பகலில் சைக்கிள் கடையில் வேலை செய்தான். நகத்தடியில் கறுப்பு மசகு போகவே போகாது. போட்டி நாட்களில் வெள்ளைக் கையுறை போட்டுக்கொள்வான். நடுவர்கள் அதை ஒரு பாணி என்று நினைத்தார்கள்.

தேசியப் போட்டி ஒவ்வொரு நவம்பரிலும் நடக்கும். பெல்ஜியத்தில் ஆண்கள் பிரிவில் மூன்று பேர் சேர்ந்தாலே பெரிய விஷயம். பெரும்பாலும் இரண்டு பேர்தான். வெண்கலப் பதக்கம் பெட்டியைவிட்டு வெளியே வராது. அடுத்த வருஷம் அதே பதக்கத்தில் தேதியை மட்டும் மாற்றுகிறார்கள் என்று லீவன் சத்தியம் செய்வான்.

ஆனால் அந்த இரண்டில் முதலாவதாக வருவதுதான் வாழ்வா சாவா. ஐரோப்பியப் போட்டிக்கு எங்கள் நாட்டுக்கு ஒரே ஓர் இடம். லீவன் இளைஞனாக இருந்தவரை, லீஜ் நகரப் பக்கத்து ஆள் ஒருவர் அந்த இடத்தை விடாமல் வைத்திருந்தார். அவர் ஓய்வு பெற்ற வருஷம் லீவனுக்கு வயது இருபத்தாறு, இனி நம் முறை என்று இருந்தான். அந்த நவம்பரில் வன்னஸ் அவனை வென்றான். அடுத்த நவம்பரிலும், அதற்கடுத்த நவம்பரிலும்.

லீவன் முகம் சுளித்ததை நான் பார்த்ததில்லை. மேடையிலிருந்து இறங்கும்போது, "உன்னைத் தோள்ல தூக்கிட்டுச் சுத்தினது யாரு? நான். அந்தப் பதக்கத்துல பாதி என் முதுகுவலிக்குச் சேரணும்" என்பான். ஆனால் அவனுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது, அது எல்லோருக்கும் தெரியும். ஒரே ஒரு தடவை ஐரோப்பியப் போட்டியின் பனியில் இறங்க வேண்டும். எத்தனையாவதாக வந்தாலும் சரி, கடைசியாக வந்தாலும் சரி. ஒலிபெருக்கியில் தன் பெயரையும் நாட்டின் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அதற்கு ஒரு வழி இருந்தது. வன்னஸ் ஐரோப்பியப் போட்டியில் முதல் பத்துக்குள் வந்துவிட்டால், அடுத்த வருஷம் பெல்ஜியத்துக்கு இரண்டு இடம். அப்போது லீவனுக்கு இருபத்தொன்பது. முழங்கால் அதுவரை தாங்கும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார், அதற்கு மேல் சொல்லவில்லை.

ஆகவே அந்தக் குளிர்காலம் முழுக்க லீவன் வன்னஸுக்காக உழைத்தான். அவன் பிளேடுகளைத் தீட்டிக் கொடுத்தான். விடிகாலையில் தன் பயிற்சி நேரத்தையும் அவனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, தடுப்புப் பலகைக்கு வெளியே நின்று எண்ணினான்.

இந்த எண்ணும் பழக்கம் அவர்கள் இருவருக்குள் இருந்த ஒன்று. ஒரு தாவல் முடிந்து கால் பனியைத் தொட்டதும், மூச்சு விடாமல் இன்னொன்றைச் சேர்த்துத் தாவினால் அது ஜோடித் தாவல். போட்டியில் முதலில் குறு ஆட்டம், பிறகு நீண்ட ஆட்டம்; நீண்ட ஆட்டத்தில் ஜோடித் தாவல் மூன்றுதான் அனுமதி. நான்காவது செய்தால், எவ்வளவு அழகாகச் செய்தாலும், இரண்டு தாவலும் சேர்ந்து பூஜ்யம். காகிதத்தில் பார்த்தால் இதில் தப்பவே முடியாது என்று தோன்றும். ஆனால் ஆட்டத்தின் நடுவில் ஒரு தாவல் சொதப்பும், அதன் ஜோடியை வேறோர் இடத்தில் ஒட்ட வேண்டியிருக்கும். அப்புறம் கால் தன் பழைய வழக்கப்படியே போகும், மூளை பின்னால் வரும்.

"உன் கால் டாண்ணு போயிடுது. மூளைதான் இன்னும் பஸ் ஸ்டாப்புல நிக்குது" என்பான் லீவன். அதனால் ஒருவன் ஆடும்போது மற்றவன் தடுப்பருகே நின்று, எத்தனை முடிந்தது என்று அவன் கடந்துபோகும்போது கத்துவான். ஹில்டே இதைக் கேட்டுவிட்டு, "நல்ல வழக்கம். ஓடறவன் எண்ண வேண்டாம், நிக்கறவன் எண்ணட்டும்" என்று சொல்லி, ஐரோப்பியப் போட்டியிலும் அப்படியே செய்யச் சொன்னார். உதவியாளர் என்று லீவன் பெயரைக் கொடுத்து அவனையும் கூட்டிப்போனார். அவன் கழுத்தில் அட்டை தொங்க, முதல் முறையாக அந்த அரங்கத்துக்குள் நுழைந்தான், காலில் சாதாரண ஷூவோடு.

போட்டி எந்த நகரத்தில் என்று சொல்ல மாட்டேன். அந்தப் பெயரைக் கேட்டால் வன்னஸ் இன்றைக்கும் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவான்.

குறு ஆட்டத்தில் அவன் ஒன்பதாவதாக வந்தான். அம்மா ஜன்னலை மூடிவிட்டு, பனித்தளத்துச் சிற்றுண்டிக் கூடத்தில் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். நீண்ட ஆட்டத்தை நாங்கள் அங்கேதான் பார்த்தோம். ஹாக்கிக்காரர்கள்கூடத் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு நின்றார்கள்.

முதல் தாவல் மிக நன்றாக வந்தது. அவ்வளவு வேகம் மிச்சம் இருந்ததால் திட்டத்தில் இல்லாத ஒரு ஜோடியை வன்னஸ் அங்கேயே ஒட்டிவிட்டான். அது ஒன்று. பிறகு திட்டத்தில் இருந்தவை இரண்டு. ஆக மூன்றும் முடிந்தன. கடைசித் தாவல் இனி ஒற்றையாக இருக்க வேண்டும். அவன் தடுப்பை ஒட்டி வளைந்தபோது ஓரத்தில் லீவனின் தலை தெரிந்தது, வாய் திறந்திருந்தது. இசை உச்சத்தில் இருந்தது. வன்னஸ் தாவினான், இறங்கினான், உடனே மறுபடி எழும்பினான்.

இத்தனை வருஷத்தில் அவன் அப்படித் தாவியதை நான் பார்த்ததே இல்லை. கூடமே கத்தியது. அம்மா மட்டும் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் எண்ணியிருக்கிறாள்.

அடுத்து நடந்தது தொலைக்காட்சியில் வரவில்லை. வன்னஸ் எனக்குச் சொன்னதுதான். மதிப்பெண்ணுக்காகக் காத்திருக்கும் பெஞ்சில் அவனும் ஹில்டேயும் உட்கார்ந்திருந்தார்கள், லீவன் பின்னால் நின்றான். எதிரே இருந்த சின்னத் திரையில், கடைசித் தாவலுக்கு நேரே பூஜ்யம். பதினோராவது இடம். பத்தாவது ஆளுக்கும் அவனுக்கும் இருந்த தூரத்தை, அந்த ஒற்றைத் தாவலை மட்டும் செய்திருந்தால் தாண்டியிருப்பான்.

ஹில்டே திரும்பினார். "லீவன், நீ எண்ணலையா?"

லீவன் வன்னஸைப் பார்த்தான்.

வன்னஸ் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தான். குடித்து முடித்து, "சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கல" என்றான்.

 பிறகு லீவன், "நான் மெதுவா சொல்லிட்டேன் போல" என்றான்.

ஹில்டே வேறு பக்கம் பார்த்தார்.

ஊரில் இது எப்படிப் பரவியது என்று தெரியாது. கடைசித் தாவலில் எண்ண வேண்டியவன் வாயை மூடிக்கொண்டு நின்றான் என்று ஆகிவிட்டது. பொறாமையில்தான் என்று சிலர் சொன்னார்கள், தன் வாய்ப்பையே எவனாவது கெடுத்துக்கொள்வானா என்று யோசிக்காமல். சதுக்கத்து வறுவல் கடைக்காரர் ஃபோன்ஸ் நல்ல மனுஷர், வாய்தான் சும்மா இருக்காது. ஒரு வெள்ளிக்கிழமை நாங்கள் மூவரும் போனபோது, லீவனின் தட்டில் பொரித்த கறித்துண்டுகளை ஒவ்வொன்றாக வைத்து உரக்க எண்ணினார்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு. கேக்குதா லீவன்? மூணு. இன்னும் சத்தமா சொல்லணுமா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். லீவனும் சிரித்து, "நாலாவதையும் போடுங்க ஃபோன்ஸ், எனக்குத்தான் எண்ணத் தெரியாதே" என்றான். வன்னஸ் வாய் நிறைய உருளைக்கிழங்கோடு நின்றான். விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. நான் அன்றைக்கு ஃபோன்ஸோடு சேர்ந்து சிரித்தேன்.

அதற்குப் பிறகு லீவன் பனித்தளத்துக்கு வருவதைக் குறைத்துக்கொண்டான். வந்தாலும் ஹில்டே அவனிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. தவக்காலத்துக்கு முன்னால் வரும் கார்னிவல் கொண்டாட்டம் வந்தது, போனது. அந்தச் சாம்பல் புதன்கிழமை அவன் ரயில் ஏறினான்.

வன்னஸின் பந்தய வாழ்க்கை இன்னும் ஐந்து வருஷம் ஓடியது. ஐரோப்பியப் போட்டிக்குப் போனான். பதினாலாவது, பதினாறாவது, ஒரு தடவை இருபத்திரண்டாவது. ஆட்டத்தின் நடுவில் அவன் உதடு அசைவதைத் தொலைக்காட்சியில் பார்க்கலாம். பாட்டோடு பாடுகிறான் என்று வர்ணனையாளர் ஒருமுறை சொன்னார். அவன் எண்ணிக்கொண்டிருந்தான். ஜோடித் தாவல் இரண்டோடு நிறுத்திக்கொள்வான், மூன்றாவதைச் செய்யவே மாட்டான். கையில் இருக்கும் மதிப்பெண்ணை ஏன் விடுகிறாய் என்று ஹில்டே கேட்டபோது, முழங்கால் வலி என்றான். அவனுக்கு முழங்காலில் ஒன்றும் இல்லை. முழங்கால் வலி லீவனுடையது.

அவனுடைய கடைசி தேசியப் போட்டியில் வேறு யாருமே சேரவில்லை. தனியாக ஆடி, தனியாக மேடையில் நின்றான். வெள்ளியும் வெண்கலமும் பெட்டிக்குள்ளேயே இருந்தன. பக்கத்தில் இருந்த காலி இடத்தைப் பார்த்து, அங்கே நிற்க வேண்டியவன் எங்கோ ஒரு கடலில், கப்பல் கீழே இறங்கும் நேரம் பார்த்துத் தாவிக்கொண்டிருப்பான் என்று நினைத்தானாம். அந்தத் தங்கத்தை அவன் வீட்டில் எங்கேயும் மாட்டவில்லை.

பிறகு தபால்காரனாகச் சேர்ந்தான். சனிக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளுக்குச் சறுக்கச் சொல்லிக்கொடுப்பான். நான் திரும்பி வந்த இலையுதிர்காலத்தில் ஹில்டே ஓய்வு பெற்றார். பனித்தளத்தின் மாடியில் காபியும் பிளம்ஸ் டார்ட்டும் வைத்து ஒரு பிரிவுபசாரம். அம்மா, ஃபோன்ஸ், தொப்பை வைத்த பழைய ஹாக்கிக்காரர்கள், எல்லோரும் வந்திருந்தார்கள். ஹில்டே வழக்கமான நன்றியெல்லாம் சொன்னார். கடைசியில், "எனக்கு ஒரே ஒரு வருத்தம்தான். எண்ணறதுக்கு அந்தப் பையனை நம்பினேன் பாருங்க. நானே எண்ணியிருக்கணும், கணக்கு வாத்தியாராச்சே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

வன்னஸ் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். எழுந்திருக்கவில்லை. தட்டைப் பார்த்தபடியே, "அவன் சொன்னான். எனக்குக் கேட்டுச்சு" என்றான்.

"என்னப்பா?" என்றார் ஹில்டே.

"மூணு, போதும்னு கத்தினான். தெளிவாக் கேட்டுச்சு. கேக்கலைன்னு உங்ககிட்ட பொய் சொன்னேன்."

யாரோ கரண்டியைக் கீழே வைத்த சத்தம் கேட்டது. ஃபோன்ஸ் தன் கோப்பைக்குள் பார்த்தார். ஹில்டே இந்த முறை வேறு பக்கம் பார்க்கவில்லை. நேராக அவனைப் பார்த்தார், வெகுநேரம்.

"எத்தனை வருஷமா நான் அந்தப் பையனுக்கு ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்துகூட அனுப்பலை, தெரியுமா உனக்கு?" என்றார். "அவனுக்குச் சொன்னியா?"

"இல்ல."

"அப்போ எங்ககிட்ட எதுக்குச் சொல்றே?"

காரில் வீட்டுக்குப் போகும்போது நான்தான் ஓட்டினேன். அவன் பேசிக்கொண்டே வந்தான், நான் கேட்காமலே.

"ஏன் தாவினேன்னு நீயும் கேப்பே. கேளு."

"ஏன் தாவினே?"

"அவன் கத்தினது காதுல விழுந்துச்சு. அர்த்தமும் புரிஞ்சுது. ஆனா கால்ல இன்னும் ஒரு தாவல் மிச்சம் இருந்துச்சுடி. அந்த மாதிரி அதுக்கு முன்னாடி வந்ததில்ல, இனிமே வராதுன்னும் தெரியும். எழும்பிட்டேன். அந்த நேரத்துல லீவன்னு ஒருத்தன் இருக்கறதே ஞாபகம் வரல." கொஞ்ச தூரம் போனபின், "நம்ம நாட்டுக்கு இடம் ஒண்ணாவே இருக்கட்டும்னு உள்ளுக்குள்ள நினைச்சேனான்னும் யோசிச்சுப் பார்த்திருக்கேன். இல்லைன்னு அடிச்சுச் சொல்ல முடியல" என்றான்.

"அப்புறம் பெஞ்சுல?"

"பெஞ்சுல எல்லாம் ஞாபகம் வந்துச்சு. அதனாலதான் பொய் சொன்னேன்."

அன்றே அவன் லீவனுக்கு எழுதினான். லீவன் கப்பலை விட்டு, கப்பலில் உடை தைத்த போலந்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டு போலந்தின் க்டான்ஸ்க் நகரில் சைக்கிள் கடை வைத்திருப்பது எங்களுக்குத் தெரியும். வன்னஸ் அனுப்பியது சின்னச் செய்திதான்: கேட்டது, பொய் சொன்னேன், உன் இடத்தையும் உன் பெயரையும் கெடுத்தேன், ஊரில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். மன்னிப்பு என்ற சொல்லை எழுதி, அழித்து, மறுபடி எழுதி, கடைசியில் அழித்துவிட்டே அனுப்பினான். அதைக் கேட்கும் உரிமை தனக்கு இல்லை என்றான்.

லீவன் படித்துவிட்டான் என்று கைப்பேசி காட்டியது. பதில் வரவில்லை. ஃபோன்ஸ் மட்டும் ஒரு நாள், "அவன் நம்பர் குடு, நானும் ஒரு வார்த்தை சொல்லணும்" என்று கேட்டு வாங்கிப் போனார். கிறிஸ்துமஸ் போனது. ஹில்டே வாழ்த்து அனுப்பினார்; அவருக்கும் பதில் இல்லை. வன்னஸ் முதலில் மணிக்கொரு தடவை பார்த்தான், பிறகு நாளுக்கொரு தடவை, பிறகு பார்ப்பதை விட்டுவிட்டான். அது சரிதான், அவன் எனக்குப் பதில் சொல்லணும்னு என்ன இருக்கு என்று ஒரு நாள் பாத்திரம் துலக்கியபடி சொன்னான். மறு குளிர்காலமும் வந்து போனது.

அது முடிந்து பனித்தளத்தைக் கோடைக்காக உருக்கிய வாரத்தில்தான் அந்தச் செய்தி வந்தது. வெறும் சிமெண்டுத் தரையில் நின்று தடுப்புப் பலகைகளைத் துடைத்துக்கொண்டிருந்தோம். வன்னஸ் படித்தான். பிறகு கைப்பேசியை என்னிடம் நீட்டிவிட்டு, அன்றைக்கு லீவன் நின்றது போலத் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"கேட்டுச்சுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். நான் கத்தினப்போ நீ தலையைத் திருப்பினே. கோபம் முழுசாப் போயிடுச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன், அதனாலதான் பதில் போட இவ்வளவு நாள். ஆனா ஒண்ணு கேக்கணும்னு அன்னையிலிருந்து வெச்சிருக்கேன். நான் ஆயிரம் தடவை முயற்சி பண்ணியும் எனக்கு அப்படி ஒண்ணு வந்ததில்ல. மேலே இருக்கறப்போ எப்படிடா இருந்துச்சு?"